பூசியது தெரியாமல்: முதிர்ந்த முகம் குறித்துச் சில குறிப்புகள்

1

சென்ற ஆண்டு விழுப்புரத்திலிருந்து என் தங்கை மகள் வந்திருந்தாள். அழகுக்கலைப் பயிற்சி முடித்து, கல்யாண மேக்கப் போட ஆரம்பித்து மூன்று வருஷமாகிறது. கையில் ஒரு பெட்டி. "பெரியம்மா, ஒரு மணி நேரம் உங்க மூஞ்சியக் குடுங்க" என்றாள். எதுக்குடி என்றேன். "பயிற்சியில நாங்க ஒருத்தருக்கொருத்தர் போட்டுப் பழகினோம். எல்லாம் இருபது வயசு. இப்ப வர்றவங்கள்ல பாதிப் பேரு பொண்ணோட அம்மா, மாப்பிள்ளையோட அத்தை. அந்தத் தோல் எனக்குப் பழக்கமில்ல. போட்டா ஒரு மணி நேரத்துல கோடு கோடா நிக்குது. கையப் பழக்கணும் பெரியம்மா."

எனக்கு வயது 59. முப்பது வருஷமாகப் பெண் உடல், பிம்பம், நுகர்வுப் பண்பாடு என்று சிறுபத்திரிகைகளில் எழுதி வருபவள். முகத்துக்குப் பவுடர்கூடப் போடாததை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தவள். வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் சின்னதாக ஒரு சொற்பொழிவே நடத்தியிருப்பேன். 'கையப் பழக்கணும்' என்ற சொல் என்னைத் தடுத்துவிட்டது. தச்சரும் தையற்காரரும் தவில் வாசிப்பவரும் சொல்கிற சொல் அது. ஒரு தொழிலாளி தன் தொழிலுக்கு மூலப்பொருள் கேட்கிறாள். அந்த மூலப்பொருள் என் முகம். கொடுத்தேன்.

பெட்டிக்குள் பயிற்சி வகுப்பில் கொடுத்த ஜெராக்ஸ் தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. முதிர்ந்த தோலில் ஃபவுண்டேஷனும் கன்சீலரும் சீராகப் படியவைப்பது எப்படி என்பதற்கான குறிப்புகள். மேலே 'மெச்சூர் ஸ்கின்' என்று தலைப்பு. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் 'மெச்சூர் ஆயிட்டா' என்றால் பெண் வயசுக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம். பதிமூன்று வயதில் ஒருமுறை மெச்சூர், மாதவிடாய் நின்றபிறகு இன்னொருமுறை மெச்சூர். முதல் தடவை குச்சுக் கட்டி, மஞ்சள் நீர் ஊற்றி, ஊரைக் கூட்டிச் சொன்னார்கள். இரண்டாவது தடவை யாருக்கும் சொல்ல வேண்டாம், மறைத்துவிடு என்கிறார்கள். ஒரே சொல் இரண்டு முனைகளிலும் வந்து நிற்பது தற்செயலாக நேர்ந்ததுதான். ஆனாலும் ஒரு பெண்ணின் தோல் எப்போதெல்லாம் பொது விவகாரமாகிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இந்தத் தாளை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. நாவலையும் கவிதையையும் மட்டுமே பிரதி என்று கொள்ளும் பழக்கம் நம்மிடமிருந்து போய் வெகுகாலமாகிறது. ஆனால் சோப்பு விளம்பரத்தைக் கட்டுடைத்த நாம், சோப்புப் போடுவது எப்படி என்று சொல்லும் தாளைத் தொட்டதில்லை. அதில் கோட்பாடு இல்லை என்று நினைத்தோம்.

2

அத்தாளில் இருப்பவை எல்லாம் ஏவல் வாக்கியங்கள். பாதிக்குமேல் எதிர்மறை ஏவல். தேய்க்காதே. இழுக்காதே. அப்பாதே. கண்ணுக்குக் கீழே பவுடரைக் குவிக்காதே. மினுமினுப்பைச் சுருக்கத்தின் மேல் வைக்காதே. கடைசியாக எல்லாவற்றுக்கும் தலையாய கட்டளை ஒன்று: போட்டது தெரியக் கூடாது.

முன்னவை வேறு, கடைசிக் கட்டளை வேறு என்பது என் வாதம். முன்னவை தோலிலிருந்து வருகின்றன. பின்னது பார்ப்பவரிடமிருந்து வருகிறது. இதைச் சொல்வதற்கு, தங்கை மகள் செய்ததைப் படிப்படியாகச் சொல்லியாக வேண்டும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வேலையை விவரிக்காமல் வேலையைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது நமக்கு ரொம்ப நாள் வியாதி.

முகத்தைக் கழுவித் துடைத்தபின் ஈரப்பசைக் களிம்பை மெல்லத் தடவி, அஞ்சு நிமிஷம் சும்மா உட்காரச் சொன்னாள். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அதோடு தோலில் எண்ணெய் சுரப்பதும் குறைகிறது. தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜனும் அந்த முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாகக் குறைகிறது. காய்ந்த தோல் ஃபவுண்டேஷனில் உள்ள நீர்ப்பசையை உறிஞ்சிக்கொண்டு நிறப்பொடியை மட்டும் மேலே விட்டுவிடும். அதைத்தான் திட்டுத் திட்டாக நிற்கிறது என்கிறோம். களிம்பு தோலில் இறங்குவதற்குள் மேலே பூசினாலோ இரண்டும் சேர்ந்து உருண்டு திரளும். அதற்குத்தான் அந்த அஞ்சு நிமிஷம்.

பிறகு என்னை ஜன்னலோரம் இழுத்து வந்தாள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டுமாம், அதுவும் தாடையும் கழுத்தும் சேருமிடத்தில். கையில் தடவிப் பார்ப்பது தப்பு. என் புறங்கை ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். அறுபது வருஷ வெயிலின் கணக்கு அப்படி. ஒரு பயறளவு ஃபவுண்டேஷனைப் புறங்கையில் வைத்துக்கொண்டு, ஈரம் பிழிந்த ஸ்பாஞ்சால் எடுத்து முகத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒற்றி ஒற்றி வைத்தாள். தேய்க்கவே இல்லை. தளர்ந்த தோலைத் தேய்த்தால் தோல் கூடவே நகரும். கை எடுத்ததும் தோல் திரும்பிவிடும், பூச்சு திரும்பாது. அங்கேதான் வரி விழுகிறது.

கன்சீலரை அதற்கப்புறம்தான் எடுத்தாள். ஃபவுண்டேஷன் பாதியை மறைத்துவிட்டால் மிச்சத்துக்கு மட்டும் கன்சீலர் போதும். என் கன்னத்தில் மங்கு. கண்ணுக்குக் கீழே கருவளையம். நம் போன்ற தோல்களில் சுருக்கம் தாமதமாக வருகிறது. வயது முதலில் நிறமாகத்தான் இறங்குகிறது. வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதப்பட்ட குறிப்புகள் சுருக்கத்தையே பேசிக்கொண்டிருக்க, இங்கே பெண்கள் மங்கைக் காட்டி 'இதுக்கு என்ன' என்று கேட்கிறார்கள். கருவளையத்தின் மேல் நேராக வெளிர்நிறக் கன்சீலரை வைத்தால் அது சாம்பல் பூத்துவிடும். காரணம் எளிது. ஃபவுண்டேஷன், கன்சீலர் எல்லாம் அடிப்படையில் எண்ணெயிலோ சிலிக்கோனிலோ கலந்த நிறப்பொடிகள்: வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு, மஞ்சள் சிவப்பு கறுப்புக்கு இரும்பு ஆக்சைடுகள். வெள்ளை மிகுந்த கலவை கருந்தோலின் மேல் சாம்பலாகத்தான் தெரியும். அதனால் முதலில் ஆரஞ்சு சாயல் கொண்ட ஒன்றைப் பூமாதிரி ஒற்றி அந்த நீலக் கருமையைச் சமன்செய்தாள். மேலே தோல் நிறத்தில் ஒரு பொட்டு. மோதிர விரலால் தட்டினாள். அந்த விரலுக்குத்தான் வலு குறைச்சல். கண்ணைச் சுற்றியுள்ள தோல் உடம்பிலேயே மெல்லியது.

இந்த இடத்தில் அவள் சொன்னதுதான் என்னை எழுதவைத்தது. "பெரியம்மா, இப்ப நல்லாச் சிரிங்க" என்றாள். எதுக்கு என்றேன். "சிரிச்சாத்தான் உங்க கோடு எங்க விழுதுன்னு தெரியும். அங்க சேர்றத விரலால எடுத்துடணும். சிரிக்காத மூஞ்சிக்குப் போட்டா, சிரிக்கும்போது கெட்டுடும்." சிரித்தேன். கண்ணோரத்தில் சேர்ந்ததை ஒற்றி எடுத்தாள். மூக்கோரத்தில் மட்டும் துளி பவுடர். அவ்வளவுதான்.

சுருக்கத்தை மறைக்க முடியாது என்பது இத்தொழில் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கும் உண்மை. கூடக் கூடப் பூசினால் கூடக் கூடத் தெரியும். கை தேர்ந்தவர் சுருக்கத்தோடு சண்டை போடுவதில்லை. எங்கே தோல் அசைகிறதோ அங்கே பூச்சைக் குறைக்கிறார். அதாவது முகம் என்பது பேசவும் சிரிக்கவும் சுளிக்கவும் செய்கிற ஒன்று என்ற அறிவு அந்த விரலில் இருக்கிறது. விளம்பரத்தில் அது இல்லை. விளம்பரம் விற்பது அசையாத முகத்தை.

3

அசையாத, துளையில்லாத, மெழுகு போன்ற முகம் எங்கிருந்து வந்தது? காமிராவிலிருந்து வந்தது. 1930களின் இறுதியில் டெக்னிகலர் படச்சுருளுக்கென்று மாக்ஸ் ஃபாக்டர் நிறுவனம் பான்கேக் என்ற அழுத்திய பூச்சை உருவாக்கியது. ஈர ஸ்பாஞ்சால் எடுத்துப் பூசுவது. 1938இல் அது கடைக்கு வந்தது. நடிகைக்குச் செய்த பொருளைத் தெருவில் போகும் பெண்ணுக்கும் விற்றார்கள். சினிமா விளக்கும் சினிமாத் தூரமும் இல்லாத இடத்துக்குச் சினிமாத் தோல் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

சென்னைக்கும் வந்தது. ஜெமினி ஸ்டுடியோவில் பான்கேக் எவ்வளவு செலவாயிற்று என்பதை அங்கே வேலை பார்த்த அசோகமித்திரன் தம் ஆங்கில நினைவுக் குறிப்புகளில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அதில் நமக்கு வேண்டியது அந்த மேக்கப் அறையின் படிநிலை. தலைமை ஒப்பனையாளர் கதாநாயகன், கதாநாயகிக்குப் போடுவார். அவருக்கு அடுத்தவர் இரண்டாம் நாயகன், நாயகிக்கு. இப்படியே இறங்கி, கூட்டத்தில் நிற்பவர்களுக்கு ஆபீஸ் பையன். பெரிய பாத்திரத்தில் கலவையைக் கலக்கி அவர்கள் முகத்தில் அப்புவான். முகத்திலுள்ள துளையெல்லாம் அடைபட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. முகம் என்பது தனித்தனி ஆளுக்கு உரியதா, மொத்தமாகக் கலக்கி அப்ப வேண்டியதா என்பதைச் சம்பளப் பட்டியல் முடிவு செய்தது.

ஐரோப்பிய விமர்சனமும் இதே அசையாத முகத்தில்தான் மயங்கியது. ரோலான் பார்த் 1957இல் வெளியான தம் நூலில் நடிகை கார்போவின் முகத்தைப் பற்றி எழுதியதை நாமெல்லாம் விழுந்து விழுந்து படித்தோம். முகமூடிபோல் வெண்ணிறப் பூச்சில் உறைந்த முகம், கருத்தாகவே ஆகிவிட்ட முகம். நான் அன்று கேட்காத கேள்வி ஒன்றுண்டு. 1905இல் பிறந்த கார்போவின் கடைசிப் படம் 1941இல் வந்தது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு வாழ்ந்தும் அவர் திரைக்குத் திரும்பவில்லை. அந்த முகத்துக்கு முதுமை என்ற அத்தியாயமே திரையில் கிடையாது. முதிராத முகத்தை வைத்துத்தான் முகத்தின் கோட்பாட்டையே எழுதியிருக்கிறோம். சூசன் சொண்டாக் 1972இல் முதுமையின் இரட்டை அளவுகோல் பற்றி எழுதியதையும், சிமோன் தி பொவ்வார் 1970இல் முதுமை பற்றியே ஒரு முழு நூல் எழுதியதையும் நாம் அவ்வளவு ஆர்வத்தோடு பேசவில்லை. அப்போது நமக்கெல்லாம் முப்பது வயது!

எதிர்த் திசையில் நம்மிடம் ஒரு மரபு இருந்தது. அரிதாரம். அது ஒரு தாதுப் பொருளின் பெயர், கந்தகமும் ஆர்சனிக்கும் சேர்ந்த மஞ்சள் நிறக் கல். கல்லின் பெயரே வேடத்தின் பெயராயிற்று. கூத்தில் பூசியது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் துரியோதனன் இல்லை. சின்ன வயதில் கொட்டகைப் பக்கம் போய், கையில் கண்ணாடியோடு தன் முகத்துக்குத் தானே வண்ணம் தீற்றிக்கொள்கிற ஆட்களை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். அறுபது வயதுக்காரர் திரௌபதி கட்டுவார். சுருக்கத்தின் மேலேயே சிவப்பு. யாரும் வயதைக் கேட்டதில்லை. விடிந்ததும் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு டீக்கடைக்கு வருவார். பூச்சு பூச்சாகவும், முகம் முகமாகவும் இருந்த உலகம் அது. (அந்த உலகத்தில் திரௌபதியைக் கட்டுவதற்குப் பெண்ணை விட்டார்களா என்று கேட்டால், விடவில்லை. மரபைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.)

4

இப்போது கடைசிக் கட்டளைக்கு வருகிறேன். போட்டது தெரியக் கூடாது.

இருபது வயதுப் பெண்ணுக்கு இக்கட்டளை அவ்வளவு கறார் இல்லை. அவள் கண்ணில் நீல மை தீட்டினால் 'ஃபேஷன்' என்று விட்டுவிடுவார்கள். அறுபது வயதுப் பெண் போட்டது தெரிந்தால் 'இந்த வயசுல இதெல்லாம் தேவையா' என்பார்கள். போடாவிட்டால் 'என்ன, உடம்பு சரியில்லையா, ரொம்ப வாடிட்டீங்களே' என்பார்கள். இரண்டு வாசலும் அடைத்தபிறகு மிச்சமிருப்பது ஒரே ஒரு சந்து: போட வேண்டும், போடாதவளாகத் தெரிய வேண்டும். உழைக்க வேண்டும், உழைத்த தடயத்தையும் உழைத்தே அழிக்க வேண்டும். வீட்டு வேலைக்கும் இதே இலக்கணம்தான். வீடு பளிச்சென்று இருக்க வேண்டும், விளக்குமாறு கண்ணில் படக் கூடாது. பெண்ணின் உழைப்பு எங்கெல்லாம் 'இயல்பு' என்று பெயர் பெறுகிறதோ அங்கெல்லாம் கூலி காணாமல் போகிறது.

ஆணுக்கு இந்தச் சந்து வேண்டியதில்லை. நம் சினிமாவில் அறுபதைத் தாண்டிய நாயகர்கள் நரைத்த தாடியோடு வந்தால் அதற்கு விசில். மறைத்து வந்தாலும் விசில். கூட நடிக்கிறவளுக்கு முப்பது தாண்டினால் அண்ணி, நாற்பது தாண்டினால் அம்மா.

பூசுகிற கைக்கும் ஒரு வரலாறு உண்டு. மும்பைத் திரையுலகில் ஒப்பனைக் கலைஞர் சங்கம் ஐம்பது வருஷத்துக்கும் மேலாகப் பெண்களுக்கு ஒப்பனையாளர் அட்டை தராமலே இருந்தது. பெண்கள் தலைமுடி மட்டும் பார்க்கலாம். முகம் ஆண்களின் தொழில். சாரு குரானா என்ற ஒப்பனைக் கலைஞர் தொடுத்த வழக்கில் 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. கவனியுங்கள்: சம்பளமில்லாமல் தன் முகத்துக்குத் தானே போட்டுக்கொண்டால் அது பெண்ணின் இயல்பு, அலங்கார ஆசை. சம்பளம் வாங்கிக்கொண்டு பிறர் முகத்துக்குப் போட்டால் அது நுட்பம், ஆணின் தொழில். ஒரே ஸ்பாஞ்சு, ஒரே கலவை.

சந்தையும் இந்த 'இயல்பு' என்ற சொல்லை வைத்தே பிழைக்கிறது. யாருடைய இயல்பு? டாட்டா குழுமம் 1952இல் லக்மே தொடங்கியது. 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. 2020இல் அதிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்து 'குளோ' என்று மாற்றினார்கள். வெளுப்பு பளபளப்பாயிற்று, குழாய் அதே குழாய். அமெரிக்காவில் பாடகி ரிஹானாவின் ஃபென்டி 2017இல் நாற்பது நிறங்களோடு கடைக்கு வந்தபோது அது செய்தியானது. செய்தியானதிலிருந்தே அதற்கு முன் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். நிறம் பொருந்தாத பூச்சை எந்தக் கையாலும் சீராக்க முடியாது. 'சீராகப் படியவில்லை' என்று ஒரு பெண் தன் வயதையும் தன் தோலையும் நொந்துகொள்ளும்போது, பல சமயம் குற்றவாளி கடை அலமாரி. என் தங்கை மகள் இரண்டு குப்பிகளைக் கலந்து என் நிறத்தைத் தயாரித்தாள். அவள் பெட்டியில் இருந்த எதுவும் என் முகத்தை நினைத்துச் செய்யப்பட்டதில்லை.

5

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதுதான். சிக்கல் இனிமேல்தான்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார். 52 வயது. பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் புடவைப் பிரிவு. காலையில் ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு வரை. 2021இல் தமிழ்நாட்டில் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று ஆக்கினார்கள். அந்தச் சட்டம் காலுக்கு வந்தது; முகத்துக்கு வரவில்லை. மேற்பார்வையாளர் ஒருநாள், "அக்கா, கொஞ்சம் களையா வாங்க, கஸ்டமர் மூஞ்சியத்தான பாக்குறாங்க" என்று சொன்னாராம். அன்றிலிருந்து முக்கால் மணி நேரம் முன்னதாக எழுந்திருக்கிறார். ஃபவுண்டேஷன் செலவு அவருடையது, முக்கால் மணி நேரமும் அவருடையது. மதியத்துக்குமேல் வேர்த்து மடிப்பில் சேர்ந்துவிடும். கழிப்பறைக்குப் போய் ஒற்றி எடுக்க அனுமதி கேட்க வேண்டும்.

அவரிடம் போய் நான் என்ன சொல்வது? பிம்பத்தின் வன்முறை என்றா? என் தங்கை மகள் சொன்னதைத்தான் சொன்னேன்: "மெல்லிசா போடுங்க. கண்ணுக்குக் கீழ பவுடரே வேணாம். களிம்பு போட்டுட்டு அடுப்ப ஒரு நடை பாத்துட்டு வந்து போடுங்க." ஒரு வாரம் கழித்து, "இப்ப பாதி நேரம்தான் ஆகுது, சாயந்தரம் வரைக்கும் நிக்குது" என்றார். இருபது நிமிஷத் தூக்கம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. என் முப்பது வருஷ எழுத்து அவருக்கு இருபது நிமிஷம் தந்திருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். அந்த முக்கால் மணி நேரம் வேலைநேரம்தான், அதற்குக் கூலி வேண்டும் என்று சங்கம் கேட்க வேண்டும் என்பது வேறு. அதையும் கேட்க வேண்டும். கேட்டுக் கிடைக்கும் வரையில் ஸ்பாஞ்சை ஈரம் பிழிந்து பிடிக்கத் தெரிவது ஒன்றும் பிற்போக்கு இல்லை.

6

இன்னொரு முகம். இதை என் தங்கை மகள் சொல்லிக் கேட்டது. அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். திண்டிவனம் பக்கத்துக் கிராமம். 54 வயது. கணவர் இறந்து ஆறு வருஷம். மகளுக்குக் கல்யாணம். மணவறையில் நின்று தாரை வார்க்க மைத்துனரும் அவர் மனைவியும். இந்த அம்மா பின்வரிசையில்தான். மேக்கப் போட வந்த என் தங்கை மகளை முதல்நாள் ராத்திரி மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டாராம்: "இந்த மங்கு மட்டும் மறையணும் பாப்பா. ஆனா போட்டிருக்கேன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. தாலியறுத்தவளுக்கு என்ன சிங்காரம்னு பேசுவாங்க."

காலை நாலு மணிக்குப் போட்டாள். ஃபவுண்டேஷன் முகம் முழுக்க இல்லை. மங்கின் மேல் மட்டும் கன்சீலர், ஓரத்தைக் கரைத்துவிட்டாள். போட்டோவில் ஃபிளாஷ் பட்டு வெளுத்துக் காட்டிக்கொடுக்கும் என்று பவுடரே தொடவில்லை. உதட்டில் வெறும் தேங்காயெண்ணெய். மண்டபத்தில் உறவுக்காரப் பெண் ஒருத்தி, "மக கல்யாண சந்தோசத்துல மூஞ்சியே தெளிஞ்சிருக்குது பாரு" என்றாளாம். "அந்தம்மா எங்கிட்டத் திரும்பி லேசா சிரிச்சாங்க பெரியம்மா. எனக்கு அழுக வந்துடுச்சு."

போட்டது தெரியக் கூடாது என்ற அதே கட்டளை. நான் கண்காணிப்பின் இலக்கணம் என்று நிரூபித்து வைத்திருந்த அதே வரி. இங்கே அதைச் சொன்னது சந்தை இல்லை, மேற்பார்வையாளர் இல்லை. கண்காணிக்கப்படுகிற பெண் தானே சொன்னார், கண்காணிப்பிலிருந்து ஒளிந்துகொள்வதற்கு. மெச்சூர் ஆனபோது அவர் மேல் ஊற்றிய மஞ்சளைக் கணவன் செத்ததும் ஊரே பிடுங்கிக்கொண்டது. மஞ்சளை மறுபடி பூசிக்கொள்ள முடியாது, அது தெரியும். கன்சீலர் தெரியாது. மஞ்சள் கேட்ட கேள்வியை — நீ யாருடைய மனைவி? — கன்சீலர் கேட்பதில்லை. விற்பனைக்கு வந்த ஒரு பண்டம் இந்த ஒரு விஷயத்தில் சடங்கைவிடச் சனநாயகமாக இருக்கிறது.

உடனே இதை 'எதிர்ப்பு' என்று கொண்டாட நான் தயாரில்லை. அவர் பின்வரிசையில்தான் நின்றார். தடை அப்படியேதான் இருக்கிறது; அதன் அடியில் அவர் குனிந்து போய்வந்தார். சுயமரியாதை இயக்கம் 1929 செங்கல்பட்டு மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது, விதவை மறுமணங்களை மேடை போட்டு நடத்தியது. மறுமணம் செய்துகொள்ள விரும்பாத, வெறுமனே கண்ணாடி பார்க்க விரும்புகிற விதவையைப் பற்றி நம்மில் யாரும் பேசியதில்லை.

1996 நவம்பரில் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தது. பெண்ணிய அமைப்புகள் எதிர்த்தன. இந்துத்துவ அமைப்புகளும் எதிர்த்தன. நானும் அப்போது ஒரு கட்டுரை எழுதினேன். உடல் சந்தைப் பண்டமாவதை எதிர்ப்பது நாம், பெண் வெளியே தெரிவதை எதிர்ப்பது அவர்கள், இரண்டும் வேறு என்று அடித்துச் சொன்னேன். கொள்கையளவில் அது இன்றும் சரி. ஆனால் அந்தக் கட்டுரையில் 'பூச்சு', 'மினுக்கு', 'முகமூடி' என்ற சொற்களை வசவாகவே பயன்படுத்தியிருக்கிறேன். இப்போது எடுத்துப் படித்தால், அந்தக் கல்யாண மண்டபத்து உறவுக்காரர்களின் குரலும் என் குரலும் சில வரிகளில் ஒன்றாகக் கேட்கின்றன. பூசாத முகமே உண்மையான முகம் என்று நான் எழுதினேன். பூசாத முகமே ஒழுக்கமான முகம் என்று அவர்கள் சொல்கிறார்கள். நடுவில் ஒரு சொல்தான் வித்தியாசம்.

7

ஆக, நான் வந்து சேர்ந்த இடம் இது. பூச்சு நல்லதா கெட்டதா என்ற கேள்வியைக் கைவிடலாம். யார் கண்ணிலிருந்து மறைக்கச் சொல்கிறார்கள், அதற்கான நேரமும் காசும் யாருடையது, மறைத்ததன் பலன் யாருக்கு — இதைக் கேட்கலாம். ஜவுளிக்கடை அம்மாவுக்கு மறைப்பு ஒரு வரி; கடைக்குக் கட்டுகிறார். திண்டிவனத்து அம்மாவுக்கு அது ஒரு ஒதுங்கிடம். எனக்கு? என் தங்கை மகள் கையைப் பழக்க ஒரு மணி நேரம் கொடுத்தேன்; கண்ணாடி பார்த்தபோது மங்கு இல்லாத கன்னம் எனக்குப் பிடித்திருந்தது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை. பிடித்திருந்ததற்காக வெட்கப்பட்டேன், வெட்கப்பட்டதற்காகவும் வெட்கப்பட்டேன்.

தொழில் தெரிந்த கையிடம் கற்றுக்கொள்ள நமக்கு ஒன்று இருக்கிறது. அவள் சிரிக்கச் சொன்னாள். அசைகிற முகத்துக்கு வேலை செய்தாள். எங்கே கோடு விழும் என்று பார்த்து அங்கே கையைக் குறைத்தாள். நம் விமர்சனம் பெண்ணின் முகத்தை எப்போதும் சிரிக்காத முகமாக, விளம்பரப் பலகையில் ஒட்டிய படமாகவே வைத்துப் பேசியிருக்கிறது. எந்தப் பெண், என்ன வேலை, என்ன வயது, விதவையா, யார் வீட்டில் என்று கேட்டால் கோட்பாடு மடிப்பில் சேர்ந்து வரி விழுகிறது. அங்கே ஒற்றி எடுக்க வேண்டியிருக்கிறது.

ராத்திரி படுக்கப் போகுமுன் அவளே பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டு என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பஞ்சு என் நிறத்தில் வந்தது. "அந்தத் தாள்ல ஒண்ணு எழுதலை பாருங்க பெரியம்மா" என்றாள். என்னடி என்று கேட்டேன். "போட்டது தெரியணுமா வேணாமான்னு அவங்ககிட்டயே கேட்டுக்கணும். நான் இப்ப கேட்டுட்டுத்தான் போடறேன்." தாளை வாங்கி, அடியில் இருந்த கடைசி வரியை அடித்துவிட்டு இதைப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்.

இவை முடிவுகள் இல்லை, விவாதத்துக்கு வைக்கிறேன். கடைகளில் நிற்கும் தோழியர், அழகு நிலையங்களில் வேலை செய்பவர்கள், கூத்துக்காரர்கள் இதற்கு மறுப்பெழுதினால் மகிழ்வேன்.